கல்முனையில் இரண்டாகப் பிரிந்த துடிப்பு

கல்முனைக்குப் போக எனக்கு விருப்பமே இல்லை. மேலாளர் அனுப்பினார், போனேன். கோயம்புத்தூரில் பழைய கண் அறுவை லேசர்களை வாங்கிப் பிரித்து, பழுது நீக்கி, மறுபடி விற்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. இருபத்தொரு வருடமாக அங்கே இருக்கிறேன். எங்கே மெஷின் படுத்தாலும் என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். கல்யாணம் ஆகாதவள், வீட்டில் கேட்க ஆளில்லை என்ற நினைப்பு.

விஷயம் இதுதான். கல்முனையில் ஒரு தனியார் கண் மருத்துவமனை எங்களிடம் ஒரு மெஷின் வாங்கியிருந்தது. கருவிழியின் மேல் மெல்லிய படலம் ஒன்றைச் சீவித் திறக்கிற லேசர். கண்ணாடி போடாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கான வைத்தியம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியருக்குச் செய்தபோது படலம் முழுதாக அறுபடவில்லை. அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் பாதியில் நிறுத்திக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். ஆசிரியருக்குப் பார்வை போகவில்லை. பழைய கண்ணாடியோடு பள்ளிக்கூடம் போகிறார். ஆனால் அதற்குப் பிறகு மெஷினை யாருக்கும் பயன்படுத்தவில்லை. அன்றைக்கு அதை இயக்கியது ரிஸ்மினா என்ற பெண். அவள் ஏதோ தப்பாகச் செய்துவிட்டாள் என்கிறார் டாக்டர். கம்பெனி ஆளும் அப்படியே எழுதிக் கொடுத்தால் அவளுக்கு வேலை போகும்.

"இயக்கினவங்க தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு வளர்," என்றார் மேலாளர். என் பெயர் வளர்மதி. "மெஷின் தப்புன்னா நாம வேற மெஷின் குடுக்கணும்."

பார்க்காமல் எப்படி எழுதுவது என்று கேட்டேன். பார்த்துவிட்டு எழுது என்றார். ரொம்பப் பெரிய மனது.

கொழும்பில் இறங்கியதுமே கோபம் ஆரம்பமாகிவிட்டது. என்னோடு கொண்டுபோன இரண்டு பெட்டிகளில் ஒன்றைச் சுங்கத்தில் பிடித்துவைத்துக்கொண்டார்கள். லேசர் துடிப்பு எவ்வளவு நீளம், எத்தனை துண்டு என்று அளக்கும் கருவி அதற்குள் இருந்தது. ஒரு தாளில் ஒரு முத்திரை இல்லையாம். அது இல்லாமல் போவது மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு நாடி பார்ப்பது மாதிரி. கத்தினேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டார். பெட்டியைத் தரவில்லை.

பஸ் கிழக்கே போகப் போக வெயில் ஏறியது. அம்பாறைக்கு முன்னால் வண்டி நின்றது. பழுதில்லை, நடுரோட்டில் ஒரு யானை. எங்கள் ஊரென்றால் பாதிப் பேர் இறங்கிப் படம் எடுத்திருப்பார்கள், மீதிப் பேர் ஓட்டுநரைத் திட்டியிருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. பக்கத்து இருக்கையில் கச்சான் என்கிற நிலக்கடலையை உடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"அது போகும். அதுக்கும் வேல இரிக்கித்தானே," என்றாள். என் கையில் ஒரு பிடி கச்சானை வைத்தாள். ஒரு மணி நேரம் தின்றுகொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை வெளிச்சம் மங்கும்போது கல்முனையில் இறங்கினேன். டாக்டரே வந்திருந்தார். லாட்ஜ் எங்கே என்றேன்.

"லொஜ்ஜில தனிய லேடீஸ் நிக்க ஏலா மிஸ். சரிவராது. எங்கட லேடி ஸ்டாஃப் ஒராளுட வீட்ட ஒழுங்கு செஞ்சிரிக்கம். மருதமுனையில. பக்கந்தான்."

"யார் அவங்க?"

"ரிஸ்மினா."

எந்தப் பெண்ணின் வேலையை எடுக்க வந்தேனோ அவள் வீட்டில் என்னைத் தங்க வைக்கிறார். இது சரியில்லையே என்றேன். வேற வீட்டில அறை இல்ல மிஸ் என்றார். தனியாக வந்த பெண்ணை லாட்ஜில் விடுவதுதான் அவருக்குத் தப்பாகத் தெரிந்தது, இது தெரியவில்லை.

ஓட்டோ பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்குள் நுழைந்தது. தறிச் சத்தம் கேட்கிற தெரு. வாசலில் ரிஸ்மினாவும் அவள் தாயும் நின்றார்கள். அவளுக்கு முப்பது இருக்கும். நான் ஓட்டோக்காரரிடம் பெட்டியை மெதுவாக வை என்று உறுமியதைக் கேட்டதும் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள். பிறகு, "வாங்க தாத்தா," என்றாள். இங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். எனக்கு அது தெரியாது. நாற்பத்தாறு வயதில் கிழவனாக்கிவிட்டாளே என்று முறைத்தேன்.

வீடு அவளுடையது. இந்தக் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். ரிஸ்மினாவின் கணவர் கத்தாரில் வேலை முடிந்து திரும்பியவர். இப்போது கரைவலை இழுக்கப் போகிறார்; மீன் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாதாமாதம் வீட்டுக்கு நிச்சயமாக வருவது ரிஸ்மினாவின் சம்பளம்தான். பெண் விருந்தாளி வந்ததால் அவர் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் தாய் வீட்டுக்குக் கிளம்பினார். என்னால் உங்களுக்குச் சிரமம் என்றேன். "பறவால்ல, இது அவட வீடுதானே. நானும் இஞ்ச விருந்தாளிதான்," என்று சிரித்துக்கொண்டே போனார்.

சோறு போட்டார்கள். மீனாணம், கூனிச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல், சட்டியில் எருமைத் தயிர். காரம் எங்கள் ஊரைவிட இரண்டு மடங்கு. நான் நிறுத்தினாலும் ரிஸ்மினாவின் உம்மா நிறுத்தவில்லை. மெஷின் விஷயமாக வந்திருக்கிறேன் என்று நானே பேச்சை எடுத்தேன். ரிஸ்மினா வாயைத் திறந்தாள். உம்மா அகப்பையைத் தூக்கினார்.

"மூண்டு நாளைக்கு நீங்க இந்த ஊட்டு விருந்தாளி. விருந்தாளிக்கிட்ட வழக்குக் கதைக்கப்படா. நாலாம் நாள் வேணுமெண்டா சண்ட புடிப்பம்."

சிரித்துவிட்டேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை மெஷின் அறைக்குள் போனதும் ரிஸ்மினாவை வெளியே உட்காரச் சொன்னேன். "நான் நிண்டு பாக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது என் வழக்கம். அப்படி ஒரு விதி கம்பெனியில் கிடையாது.

இந்த மெஷினின் இதயம் தீப்பெட்டிகளை அடுக்கின அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் கண்ணாடி இழை ஒன்று வளையமாகச் சுற்றியிருக்கிறது. அதில் ஒளி ஓடுகிறது. முதலில் வெறும் சந்தைக் கூச்சல்தான். ஒவ்வொரு அலையும் தன் பாட்டுக்கு ஓடும். வளையத்தில் ஓரிடத்தில் காவல்காரன் மாதிரி ஒரு கண்ணாடி. பலவீனமான ஒளி வந்தால் விழுங்கிவிடும், பலமானது வந்தால் வழிவிடும். கூச்சலில் தற்செயலாக எழுந்த ஒரு மேடு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உயரும், கொஞ்சம் ஒடுங்கும். மற்றதெல்லாம் பட்டினியில் சாகும். சுற்றுக்குச் சுற்று அது இழப்பதும் பெறுவதும் சமமானதும் உருவம் மாறாமல் ஓட ஆரம்பிக்கும். நொடிக்குச் சில கோடிச் சுற்று. இதைத்தான் துடிப்பு என்கிறோம். நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்து, அதில் சில பத்துகளை எடுத்தால் அதன் நீளம். அந்த ஒற்றைத் துடிப்பைப் பெருக்கிக் கண்ணில் விட்டால் ஊசிமுனைக்கும் சின்னதாக ஒரு குமிழி வரும். குமிழிகள் வரிசையாகச் சேர்ந்தால் வெட்டு. சில குமிழிகள் வராவிட்டால் படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆசிரியருக்கு நடந்தது அதுதான்.

ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. துடிப்பு நிலைத்துவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. பவர் மீட்டரில் அளவு சரி. ஒளிக்குத் தீனி போடும் பம்ப் கரண்டின் எண்ணைப் பார்த்தேன். பழகின எண் மாதிரி இருந்தது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைத் திரையில் கோடு வழுவழுப்பான ஒரு குன்று. திரை நடுங்காமல் அழகாக இருக்க வேண்டும் என்று நூறு தடவை அளந்து சராசரி எடுத்துக் காட்டும்படி வைப்பது என் பழக்கம். அப்படியே வைத்தேன். எல்லாம் சரி. அப்படியானால் வெட்ட வேண்டும்.

சோதனைக்கு ஆட்டுக் கண் வாங்கச் சந்தைக்குப் போனேன். இறைச்சிக் கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கண் மட்டுமா? சூப்புக்கா மிஸ்?"

"ஆபரேஷனுக்கு."

"ஆட்டுக்குமா செய்றீங்க இப்ப?" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆறு கண் தந்தார்.

ஆறிலும் படலம் ஒட்டிக்கொண்டது.

அறைக்கு வெளியே வராந்தாவில் சாம்பிராணிச் சட்டி ஒன்று இருந்தது. கிழமை தவறாமல் புகை பிடிப்பார்களாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. லேசர் அறைக்குப் பக்கத்தில் புகையா என்று நான் போட்ட கூச்சலில் நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். ரிஸ்மினா நாற்காலியில் இருந்தபடியே, "கதவு எப்பவும் மூடித்தான் இரிக்கும் தாத்தா," என்றாள். உன்னைக் கேட்கவில்லை என்றேன். நாள் முழுவதும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்றிலும் புகை இல்லை. மறுபடி ஆட்டுக் கண். மறுபடி ஒட்டிக்கொண்டது.

அன்று இரவும் அதே வீட்டில் நெய்ச்சோறு.

வியாழக்கிழமை மின்சாரத்தைப் பிடித்தேன். ஜெனரேட்டர், பூமிக்கம்பி, கடல் காற்றில் உப்புப் பூத்த இணைப்புகள். எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். கொழும்புக்கு நான்கு தடவை பேசினேன். பெட்டி பத்திரமாக இருக்கிறது என்றார்கள். பத்திரமாக இருந்து என்ன. மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டார். எழுதிட்டியா என்பதைத் தவிர வேறு கேட்கவில்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இரண்டு நாளாக இடியப்பமும் சொதியும் ஊட்டுகிற வீட்டுக்கு எதிராக ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், அதுவும் அகப்படவில்லை.

அன்று சாப்பிடும்போது உம்மா கேட்டார். "அந்த மெசினுக்குள்ள என்னதான் ஓடுது? இவ சொன்னா எனக்கு வெளங்குதில்ல." அது வழக்கில் சேராது போல.

கூச்சல், காவல்காரன், மேடு என்று மேலே எழுதினதையே சொன்னேன். நன்றாகக் கவனித்தார்.

"அப்ப அதுக்குக் கூடத் தீனி குடுத்தா இன்னம் பெருக்குமா?"

"பெருக்காதுங்க. ஒரு அளவுக்கு மேலே அது தின்னாது. மேலே மேலே ஊட்டினா ரெண்டாப் பிரிஞ்சுரும். ரெண்டும் ஒரே உருவம். ஒட்டி ஒட்டி ஓடும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் பலம் பாதிதான்."

"எங்கட வளவு மாதிரி," என்றார் உம்மா. "ஒரு வளவு, ரெண்டு பொம்புளப் புள்ள. நடுவால மதிலக் கட்டி ஆளுக்கொரு வீடு குடுத்த. இப்ப எந்தப் பக்கமும் ஒரு தென்ன நட எடமில்ல."

நான் சிரித்தேன். ரிஸ்மினா சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"ரெண்டாப் பிரிஞ்சா பச்ச லைட் எரியுமா தாத்தா?"

"எரியும்."

"பவர் குறையுமா?"

"குறையாது. மீட்டர் ரெண்டையும் சேர்த்துத்தானே காட்டும்."

"ஸ்கோப்ல தெரியாதா?"

"அவ்வளவு நெருக்கமா ஓடுறதை ஸ்கோப்பு பிரிச்சுக் காட்டாது. அதுக்குத்தான் அந்தப் பெட்டி. கொழும்புல கெடக்குது."

அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா தலையை அசைத்தார். "சோத்தத் தின்னுங்க மகள்."

அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். குற்றவுணர்வு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனை பூட்டு. மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் தெருவில் ஓட்டோ இல்லை, கடை இல்லை, தறியும் இல்லை. கடற்கரைக்கு நடந்தேன். தோணிகள் எல்லாம் மணலில். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோட்டைக் கடக்கவே பத்து நிமிஷம் ஆகும். இங்கே நண்டுகளும் நானும். அலை வந்தது, போனது. எனக்குக் கடல் பிடிக்காது. எதையும் முடிக்காமல் வந்து வந்து போகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். மெஷினில் பழுது எதுவும் காணப்படவில்லை. ஆகவே இயக்கியவரின் கவனக்குறைவாக இருக்கலாம். ரிஸ்மினாவின் முழுப் பெயரையும் எழுதினேன். "இருக்கலாம்" என்ற வார்த்தையைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அடிக்கவில்லை. கையெழுத்து மட்டும் பாக்கி. அப்போது அவள் பிளேன்டி கொண்டுவந்தாள். தாளை மறைக்க எனக்கு நேரமில்லை. தன் பெயரைப் பார்த்தாள். நின்று முழுவதும் வாசித்தாள். பிறகு கோப்பையைத் தாளில் ஈரம் படாமல் மேசையின் அந்த ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏதாவது திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். எனக்கு அது வரும். தேத்தண்ணி ஆறிப்போனது.

சனிக்கிழமை காலை புட்டும் மீன் பொரியலும் வைத்திருந்தார்கள். ரிஸ்மினா வேலைக்குப் போகிற உடுப்போடு வந்து எனக்கெதிரே உட்கார்ந்தாள். கையில் ஒரு தடித்த கொப்பி.

"தாத்தா, இண்டைக்கி நாலாம் நாள். உம்மா, கதைக்கட்டா?"

"கதைங்க. முதல்ல அவ தின்னட்டும்," என்றார் உம்மா.

"நான் சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறேன்," என்றேன்.

கொப்பியைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் மெஷினைப் போட்டதும் நிறமாலைத் திரையைப் பார்த்துப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பக்கம் பக்கமாக வழுவழுப்பான குன்றுகள். ஒரு பக்கத்தில் குன்று மாறியது. அதன் மேல் சீப்பின் பற்கள் மாதிரி ஏற்ற இறக்கம். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பக்கத்திலும் பற்கள்.

"திரையில எனக்கு இது தெரியலையே."

"நீங்க சராசரி போட்டுப் பாத்திரிப்பீங்க. நான் அத நிப்பாட்டிட்டுப் பாக்கிற. பல்லு நிக்காம ஓடுது தாத்தா. சராசரி எடுத்தா அழிஞ்சி போகுது."

புட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கொப்பியை என் பக்கம் இழுத்தேன். இரண்டு துடிப்பு மிக நெருக்கமாக ஓடினால் நிறமாலையில் விழுகிற பற்கள் அவை. இது எங்கள் தொழிலில் முதல் வருடப் பாடம். வியாழக்கிழமை சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து நானே வாயால் சொன்ன பாடம்.

"எப்போதிருந்து?"

பற்கள் ஆரம்பித்த பக்கத்தின் மேலே, ஆசிரியருக்குச் செய்த நாளின் தேதிக்குக் கீழே எழுதியிருந்ததை விரலால் காட்டினாள். காலையில் விளக்குப் பச்சையாகவில்லை. கோயம்புத்தூருக்குக் கோல் எடுத்தேன். கரண்டைக் கூட்டச் சொன்னாங்க. கூட்டினேன். பச்சை வந்தது. மிஸ் ஃபோனை வைத்துவிட்டாங்க.

"அந்த மிஸ் நீங்கதான்," என்றாள். "ஓட்டோக்காரருக்கு நீங்க ஏசக்குள்ளயே குரல் வெளங்கின."

எனக்கு அந்த ஃபோன் ஞாபகம் வந்தது. காந்திபுரத்தில் ஓடுகிற பஸ்ஸில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்தேன். ஏத்து, எண் எவ்வளவு, இன்னும் ஏத்து, பச்சை வந்துச்சா, அவ்வளவுதான் வை. அது அவ்வளவுதான் இல்லை. துடிப்புப் பிறப்பதற்குக் கரண்டை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது இரண்டு மூன்றாகப் பிறக்கும். பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். இறக்க இறக்க மற்றவை சாகும், ஒன்று நிற்கும். அந்த ஒன்றுதான் வேண்டும். இரண்டாவது பாதியை நான் சொல்லவில்லை. இந்த நான்கு நாளில் கரண்ட் எண்ணைத் தொழிற்சாலைத் தாளோடு ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. பழகின எண்ணாகத் தெரிந்ததற்குக் காரணம், அது நானே ஃபோனில் ஏற்றச் சொல்லிக் கேட்ட எண்.

"டாக்டரிடம் சொல்லலையா?"

"சொன்ன. கம்பெனி ஆக்கள் பிழையாச் சொல்லுவாங்களா எண்டு கேட்டார். எனக்கும் அது பிழையெண்டு தெரியா. வியாழக்கிழமை நீங்க சொன்ன பொறகுதான் வெளங்கின."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. நேற்று அந்தத் தாளைப் பார்த்தாயே."

"சொல்ல வந்த. உம்மா விட இல்ல."

உம்மாவைப் பார்த்தேன். அவர் என் தட்டில் இன்னொரு குழல் புட்டைத் தள்ளினார். "ரெண்டு நாளையில அவட வேல போயிருக்காது. வீட்டுக்கு வந்தவள மூக்குடைச்சி அனுப்பினா மரியாத எங்களுக்குப் போயிருக்கும்."

இப்போதும் எனக்கு அந்த நியாயம் பிடிபடவில்லை. நானாக இருந்தால் முதல் நாளே கொப்பியை முகத்தில் எறிந்திருப்பேன்.

மெஷின் அறையில் இந்தத் தடவை நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சராசரியை நிறுத்தச் சொன்னேன். பற்கள் ஓடின. "இறக்கு," என்றேன். "ஒவ்வொரு படியா. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்."

அவள் இறக்கினாள். பற்கள் அகன்றன, குறுகின, நடுங்கின. ஒரு படியில் சட்டென்று இல்லாமல் போயின. வெறும் குன்று நின்றது. பச்சை விளக்கு அணையவில்லை. நான் நிறுத்து என்று சொல்வதற்கு முன்பே அவள் கையை எடுத்துவிட்டாள்.

ஆட்டுக் கண்ணில் படலம் ஈரத்தாள் மாதிரி ஒரே இழுப்பில் எழுந்து வந்தது. டாக்டர் மூன்று கண்ணில் செய்து பார்த்தார். மூன்றும் அப்படியே. ரிஸ்மினாவிடம் ஒன்றும் சொல்லாமல், "அப்ப என்ன பிழ மிஸ்?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். நம்பாமல் பார்த்தார். எழுதித் தருகிறேன் என்றேன்.

மேலாளரை நானே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் பேரை எழுதினா கம்பெனி பேரும்தானே போகுது. அந்தப் பொண்ணு உனக்கு யாரு?" என்றார்.

"யாருமில்லை. அவ நான் சொன்னதைச் சரியாச் செஞ்சா."

"வா, பேசிக்கலாம்," என்றார். அவர் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். எழுதினேன்.

டாக்டர் வாசித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து வழக்கம்போல வேலை என்று ரிஸ்மினாவிடம் சொன்னார். எனக்கு மத்தியான பஸ். பெட்டியை எடுத்தேன். அவள் வழியில் நின்றாள்.

"தாத்தா, அத தமிழ்ல எழுதித் தாங்க."

"எதற்கு? டாக்டரே ஒத்துக்கொண்டாரே."

"டொக்டர் ஒத்துக்கிட்டார். மூண்டு கிழமையா மெசின ஒடச்சவ எண்டு சொன்னது டொக்டர் மட்டுமில்ல. வாற நோயாளி, தெருவில ஓட்டோக்காரர், என்ட மாமி. அவங்க இங்கிலீசு வாசிக்கிறல்ல."

வராந்தாவிலேயே நின்று எழுதினேன். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாடு' எண்டு போட்டிரிக்கீங்க. அது ஆரு?"

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவள் இன்னொரு தடவை வாசித்து, சரி என்று சொல்லி, நோயாளிகளுக்கான அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தினாள். உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை கூட்டம் அதிகம். வராந்தா பெஞ்சுகளில், இங்கே வாங்கு என்பார்கள், முப்பது பேருக்குக் குறையாது. எல்லோருக்கும் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். அந்த மருந்து விட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. புதுத் தாளை எல்லோரும் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் வாசிக்க முடியவில்லை.

"என்ன புள்ள ஒட்டியிரிக்காங்க? ஒப்பரேசன் நாள் மாத்தியா?" என்றாள் முன் பெஞ்சில் ஒரு பெண், பொதுவாக.

"லேசர் மெசினப் பத்தி எண்டு ரிஸ்மினா சொன்னா," என்றாள் இன்னொருத்தி.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு முதியவர் என் பக்கம் திரும்பினார். என்னை அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. பெட்டியோடு நிற்கிற ஓர் உருவம், அவ்வளவுதான். "மகள், உங்கட கண்ணுக்கு மருந்து விடல்லத்தானே. கொஞ்சம் வாசிச்சிக் காட்டுங்களன்."

வெளியே ஓட்டோ ஹோர்ன் அடித்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

"லேசர் மெஷின் சரியாக வெட்டாததற்கு ரிஸ்மினா காரணம் இல்லை," என்று வாசித்தேன். "கோயம்புத்தூரிலிருந்து ஃபோனில் நான் அவருக்குப் பாதி வேலையைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். சொன்னதை அவர் சரியாகச் செய்தார். தப்பு என்னுடையது. வளர்மதி."

முதியவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா வாசிங்க மகள். சத்தமா. பின் வாங்குக்குக் கேக்கல்ல."